இருபத்தொன்றாம் தேதித் தாள்

எங்கள் விடுதிக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை சும்மா வருகிறவர்கள். இலை சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், வெந்நீர்த் தொட்டியில் இறங்கி "ஐயோ, துரு நாத்தம்" என்று மூக்கைப் பிடிப்பார்கள், சாப்பாட்டைப் போட்டோ எடுப்பார்கள், மறுநாள் போய்விடுவார்கள். இரண்டாவது வகை உடம்பு முடியாமல் வருகிறவர்கள். அரிசியைக்கூடத் தாங்களே மூட்டை கட்டிக்கொண்டு வந்து ஏழு நாள், பதினான்கு நாள் என்று தங்கி, தினம் மூன்று தடவை எங்கள் காவிநிறத் தண்ணீரில் ஊறுவார்கள். எனக்கு இவர்களைத்தான் பிடிக்கும். முதல் வகையிடம் சிரித்துச் சிரித்தே எனக்குத் தாடை வலி வந்துவிட்டது.

மோரியோகாவிலிருந்து வரும் ஹனவாவும் அவர் மனைவி மினேகோவும் இரண்டாவது வகை. ஹனவா நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முதலில் வந்தது அவருடைய முதுகு வலிக்காகத்தான். பதினெட்டு வருடம், வருடத்துக்கு ஒரு தடவை, இலையுதிர் காலத்தில், ஏழு நாள். கடைசி மூன்று வருடமாக ஏழு நாள் மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. மினேகோவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை காலையில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு கிளம்பினால், திங்கள்கிழமை சாயங்காலத்துக்குள் ஊசிக்குத் திரும்ப வேண்டும்.

அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கேட்டால், "சோறு போடறவங்க எல்லாரும் எனக்கு அக்காதான்" என்பாள். அப்படி ஒரு சாப்பாட்டு ராமி அவள். சாப்பாட்டை அவ்வளவு ரசிக்கிற ஒருத்தியின் சிறுநீரகத்தைத்தானா கெடுக்க வேண்டும்? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எனக்கு அடிக்கடி கோபம் வரும்.

நீகாட்டாவில் நிலம் ஆடிய வருடம் அது. கோடையில் வெயில் கொளுத்தியது, அப்புறம் புயலுக்கு மேல் புயல். மனிதர்களுக்கு ஆகாத வருடம் காளானுக்கு ஆகும் போலிருக்கிறது. விடுதிக்குப் பின்னால் வெட்டிப் போட்ட சுகி என்கிற தேவதாரு மரக் கட்டைகளில் எல்லாம் வெள்ளை வெளேர் என்று, காது மடல் மாதிரி, அடுக்கடுக்காய் முளைத்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் தெட்சுஜி தினமும் கூடை கூடையாய்ப் பறித்து வந்தார். எங்கள் பக்கத்தில் அதைச் சமைக்காத வீடு கிடையாது. பல் முளைத்த நாளிலிருந்து நான் சாப்பிட்டு வருகிறேன். விருந்தாளி வந்தால் முதலில் வைப்பது அதைத்தான்.

அக்டோபர் எட்டாம் தேதி ஹனவா தம்பதி வந்து இறங்கினார்கள். மினேகோ பாதியாக இளைத்திருந்தாள். வாய் மட்டும் இளைக்கவில்லை.

"அக்கா, பாருங்க, என்கூட ஒரு ஜெயிலரும் வந்திருக்காரு. இவருக்குத் தனி ரூம் குடுங்க."

ஹனவா பையிலிருந்து ஒரு சின்ன அளவுக் கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். அவளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மடக்குத் தண்ணீர்தான் என்று கணக்கு. டீயும் அதில்தான், சூப்பும் அதில்தான்.

"மன்னிச்சிக்குங்க இகுயோ அக்கா" என்றார் ஹனவா. "காய்கறி எதுவா இருந்தாலும் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணிய ஊத்திட்டுத் திரும்ப வேகவைக்கணும். உப்பு கூடாது. ஊறுகாய கண்ணுலயே காட்டாதீங்க."

"அப்ப எனக்கு என்னதான் போடுவீங்க?" என்றாள் மினேகோ. "காத்தா?"

"காத்து எங்க மலையில நல்லாவே இருக்கும்" என்றேன். "ரெண்டு தட்டு தரேன்."

அன்று சாயங்காலம் அவளோடு நானும் தொட்டிக்குப் போனேன், முதுகு தேய்த்துவிட. இடது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். உள்ளே குருகுருவென்று ஏதோ ஓடியது.

"பூனை" என்றாள். "நாள் பூரா உறுமிக்கிட்டே இருக்கும். ராத்திரி காதுகிட்ட கைய வெச்சுப் படுத்தா தூங்க விடாது. ஆனா உறுமறது நின்னா நான் போயிட்டேன்னு அர்த்தமாம். அதனால திட்டறதில்ல."

காவித் தண்ணீரில் கழுத்து வரை இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அப்புறம் சொன்னாள், "தண்ணிகூடத் தாங்கிக்கலாம் அக்கா. நாக்கு செத்துப்போச்சு. அதான் தாங்கல. எதத் தின்னாலும் அட்டையத் தின்ற மாதிரி இருக்கு."

எனக்கு அது சவால் மாதிரி பட்டது. முப்பது வருடமாக நான் அடுப்படியில் நிற்கிறவள். உப்பில்லாமல் ருசி கொண்டுவரத் தெரியாவிட்டால் நான் எதற்கு? சமையலறைக்குப் போனேன். தெட்சுஜி பறித்து வந்த காளான் கூடையில் அப்படியே இருந்தது. ஒரு கொதி விட்டுத் தண்ணீரை வடித்தேன், ஹனவா சொன்னபடியே. பிறகு காய்ந்த மீன் சாறு கொஞ்சம், மிசோ என்கிற உப்புச் சோயா விழுது கால் கரண்டி. தண்ணீர் குறைவு, மிசோ குறைவு. அந்தக் குறை தெரியாமலிருக்க வேண்டுமென்றால் காளானை அள்ளிப் போட வேண்டும். மற்றவர்களுக்கு ஒரு பிடி என்றால் அவளுக்கு மூன்று பிடி. கரண்டி நட்டால் நிற்கும், அவ்வளவு கெட்டி.

ஹனவா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இதுல அவளுக்கு ஆகாதது ஒண்ணும் இல்லையே அக்கா?"

"காளான்ல என்ன இருக்கு? வாசனைதான்" என்றேன். "எங்க ஊர்ல பால்குடி மறந்த உடனே ஊட்டறது இதத்தான்."

நான் சொன்னது பொய் இல்லை. அன்றைக்கு அது உண்மை.

மினேகோ முதல் வாய் எடுத்தாள். மென்றாள். இரண்டாவது வாய் எடுத்தாள். பேச்சு நின்றுவிட்டது. கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, குச்சிகளைக் கீழே வைத்து, என்னைப் பார்த்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"நாக்கு சாகல அக்கா" என்றாள். "தூங்கிட்டு இருந்திருக்கு."

மூன்று நாளும் மூன்று வேளையும் அதேதான். ஹனவாவும் சாப்பிட்டார், நாங்களும் சாப்பிட்டோம். திங்கள்கிழமை அவர்கள் கிளம்பும்போது வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. எங்கள் ஊரில் யாரும் அப்படி அனுப்ப மாட்டார்கள். ஒரு கொதி விட்ட காளானைப் பிழிந்து, ஒரு வேளைக்கு ஒன்று என்று சின்னச் சின்னப் பொட்டலமாய்க் கட்டி, பெரிய டப்பா நிறைய அடுக்கிக் கொடுத்தேன். குளிர்பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

"ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கிறேன்" என்று டப்பாவை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். பேருந்து வளைவில் திரும்பும் வரை ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். விருந்தாளி கண்ணிலிருந்து மறையும் வரை வாசலில் குனிந்து நிற்பது எங்கள் வழக்கம். நானும் தெட்சுஜியும் குனிந்து நின்றோம். எனக்கு அன்று ஒரே பெருமை.

பத்து நாள் கழித்து, இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை, சாயங்காலச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். புயல் சேதம், ஆப்பிள் விலை, அதற்கப்புறம் ஒரு சின்னச் செய்தி. எங்கள் பக்கத்து மாவட்டங்களில் சிலருக்குக் கை நடுக்கம், வலிப்பு, நினைவு தப்பிப்போவது. சிலர் இறந்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு. எல்லாரும் சுகிக் கட்டையில் முளைக்கும் வெள்ளைக் காளான் சாப்பிட்டிருக்கிறார்கள். காரணம் இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைச் சாப்பிட வேண்டாம்.

திரையில் அந்தக் காளானைக் காட்டினார்கள். வெள்ளையாய், காது மடல் மாதிரி, என் கூடையில் இருக்கிற அதே காளான்.

கையிலிருந்த மீனை அப்படியே போட்டேன். ஈரக் கையோடு முன்கூடத்துக்கு ஓடினேன். தொலைபேசி அங்கேதான். பதிவேட்டைப் புரட்டி ஹனவாவின் எண்ணைத் தேடினேன். எழுத வேறு காகிதம் கிடைக்கவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து அன்றைய தாளையே கிழித்தேன். பெரிய இருபத்தொன்றுக்குக் கீழே எண்ணை எழுதினேன். பதற்றத்தில் பேச்சு வராது என்று தெரியும், அதனால் சொல்ல வேண்டியதையும் எழுதிக்கொண்டேன். "ஹனவா சான். மினேகோ. காளான் சாப்பிட வேண்டாம்."

எழுதின வேகத்திலேயே அழைத்திருந்தால் அழைத்திருப்பேன். தொலைபேசியில் கை வைத்தபோது அதுவே அடித்தது.

எங்கள் பள்ளத்தாக்கு விடுதிகளின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் பேசினார். "செய்தி பார்த்தீங்கல்ல? இருக்கிற காளான எல்லாம் சத்தமில்லாம குழி வெட்டிப் புதைச்சிருங்க. யாராச்சும் கேட்டா, இந்த வருஷம் விளைச்சல் இல்லன்னு சொல்லுங்க. நீங்களா போய் யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க. இலை சிவக்கற நேரம். இன்னும் மூணு வாரம் எல்லா ரூமும் ஃபுல்லு. ஒரு பேப்பர்காரன் நம்ம பேர எழுதினா போதும், மொத்தப் பள்ளத்தாக்கும் மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"சரிங்க" என்றேன்.

தெட்சுஜி பக்கத்தில் வந்து நின்றார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"ஃபோன் பண்ணி என்னன்னு சொல்லுவ?"

"சாப்பிடாதீங்கன்னு சொல்லுவேன்."

"மூணு நாள் மூணு வேள ஊட்டினப்புறமா? ஏதாவது ஆகியிருந்தா இந்நேரம் அவங்களே கூப்பிட்டிருப்பாங்க. பத்து நாள் ஆச்சு. ஒண்ணும் ஆகாத மனுசிய எதுக்குப் போட்டு பயமுறுத்தற? அவரும் டிவி பார்க்கறவர்தான. டாக்டர் சொல்லுவாரு, ஆஸ்பத்திரில சொல்லுவாங்க."

அவர் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட வேண்டும் என்று எனக்கு அவசரம். உள்ளுக்குள் நான் பயந்தது வேறு. அழைத்தால், "அப்படியா, அவளுக்குக் கை நடுங்குதே" என்று ஹனவா சொல்லிவிட்டால்? அதற்கப்புறம் நான் யார்? விடுதி என்ன ஆகும்? நாளைக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பதினாறு பேருக்குச் சாப்பாடு வைக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலமும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நீகாட்டாவில் நிலம் ஆடியது. அதற்கப்புறம் தொலைக்காட்சியில் வேறெதுவும் இல்லை. இடிந்த வீடுகள், பிளந்த சாலை, போர்வை சுற்றிய கிழவர்கள். அவசியம் இல்லாமல் யாரும் தொலைபேசியை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நானும் பெரிய பொறுப்புள்ளவள் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன். நீகாட்டா எங்கே, மோரியோகா எங்கே? எனக்குத் தெரியாதா என்ன? சாக்குக் கிடைத்தது, விடவில்லை.

அந்தத் தாளை எரிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் தைரியம் இல்லை. தொலைபேசிக்கு மேலே ஆணியில் பேருந்து நேர அட்டவணைகள் குத்தியிருக்கும். அவற்றுக்கு அடியில் செருகிவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் சாம்பல் கரை போட்ட அஞ்சலட்டை வந்தது. வீட்டில் சாவு விழுந்தால் இந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்ப இயலாது என்று எல்லாருக்கும் அனுப்புவோமே, அது. அச்சடித்த வரிகள். "மனைவி மினேகோ நவம்பர் ஒன்பதாம் தேதி, அறுபத்தோராம் வயதில் காலமானார். அவர் வாழ்ந்த நாளில் காட்டிய அன்புக்கு நன்றி." கையால் ஒரு எழுத்துகூட இல்லை. வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தேன். அட்டையை மடியில் செருகிக்கொண்டு மறுபடியும் பனி வாரினேன். வாரி முடித்த இடத்தையே திரும்பத் திரும்ப வாரினேன்.

முறைப்படி ஊதுபத்திப் பெட்டியும் ஒரு கடிதமும் அனுப்பினேன். இந்த மாதிரிக் கடிதத்துக்கென்று எங்களிடம் வாக்கியங்கள் தயாராக இருக்கும். எதிர்பாராத செய்தி கேட்டுச் சொல்லிழந்து நிற்கிறோம், தங்கள் துயரத்தை எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. அத்தனையும் எழுதினேன். காளான் என்ற வார்த்தை மட்டும் அதில் இல்லை.

மறு வருடம் அக்டோபரில் ஹனவா தனியாக வந்தார்.

முன்கூட்டியே அட்டை எழுதிப் போட்டிருந்தார், ஒரு ராத்திரி தங்கப்போவதாக. அட்டை வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பேருந்திலிருந்து இறங்கியவரைப் பார்த்தேன். சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை, தொளதொளவென்று தொங்கியது. தொட்டிக்குப் போய்விட்டு வந்து அறையில் உட்கார்ந்து, "அவளுக்கும் ஒரு தட்டு வெச்சிருங்க அக்கா" என்றார்.

இறந்தவர்களுக்கும் வெளியூர் போனவர்களுக்கும் தட்டு வைப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. எதிரெதிராக இரண்டு தட்டு வைத்தேன். சூப்பில் டோஃபு மட்டும் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தார்.

"உக்காருங்க" என்றார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்."

நான் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மடியில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"காளான்தான்" என்றார். "உங்களுக்கும் இந்நேரம் தெரிஞ்சிருக்கும். முதல்ல கை நடுங்கிச்சு. குச்சி பிடிக்க முடியல. அப்புறம் வலிப்பு. அஞ்சாறு நாள்ல ஆளே இல்ல, கண்ணு மட்டும் திறந்திருந்துச்சு. டாக்டர் கேட்டாரு, வெள்ளைக் காளான் சாப்பிட்டாங்களான்னு. அன்னிக்குத்தான் எனக்கே விஷயம் தெரியும். நவம்பர் ரெண்டு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு சொல்லிட்டேன்."

நான் தலையைத் தூக்கினேன்.

"ஆமான்னா எங்கேன்னு கேப்பாங்க. இங்க வந்து நிப்பாங்க. எதுக்கு? அவளுக்கு நினைவு இருந்திருந்தா அவளும் அதத்தான் சொல்லச் சொல்லியிருப்பா." அவர் எதிரே இருந்த தட்டைப் பார்த்துப் பேசினார். "ஒரு வருஷமா நீங்க இத மனசுல போட்டுப் புழுங்கிட்டு இருப்பீங்கன்னு தோணுச்சு. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். உங்க மேல எனக்கு ஒரு துளி வருத்தம் இல்ல அக்கா. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உலகத்துல எவனுக்கும் தெரியாது. அவளுக்கு நாக்கு திரும்பி வந்த அந்த மூணு நாள் இருக்கே, அத நீங்கதான் குடுத்தீங்க. மத்ததெல்லாம் யார் கையிலயும் இல்ல."

என் நெற்றி பாயைத் தொட்டது. வாய்விட்டு அழுதேன். எனக்கு எவ்வளவு பாரம் இறங்கியதோ அவ்வளவு வெட்கமும் ஏறியது. இப்போது சொல், இகுயோ, இப்போது சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. தெரியும் என்று சொல். இருபத்தொன்றாம் தேதியே தெரியும் என்று சொல். அவர் குனிந்து, "எழுந்திரிங்க, எழுந்திரிங்க, சூப்பு ஆறிடும்" என்றார். நான் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குச் சோறு பரிமாறினேன். மன்னிப்பை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். ஹனவா கணக்கு முடித்து, ஷூ போட்டுக்கொண்டு, முன்கூடத்தில் நின்றார். நேற்று வந்தபோது இருந்ததைவிட முகம் தெளிந்திருந்தது. அடுத்த வருடமும் வருவேன் என்றார். தெட்சுஜியிடம் காட்டில் காளான் முளைக்கிறதா என்று கேட்டார். "முளைக்குது. உதைச்சித் தள்ளறேன்" என்றார் தெட்சுஜி.

"இன்னிக்கு லீவு நாள்ல? பஸ் நேரம் மாறுமே" என்று ஹனவா தொலைபேசிக்கு மேலே இருந்த அட்டவணையைப் பார்த்தார். வேலை நாள் அட்டவணை மேலே இருந்தது. நாற்பது வருடம் பேருந்து ஓட்டினவர். விடுமுறை நாள் அட்டவணை அதற்கு அடியில்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? விரலால் தூக்கினார். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் அந்தத் தாள் நழுவித் தரையில் விழுந்தது.

அவர்தான் குனிந்து எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அது அவருடைய எண். அவருடைய பெயர். அவர் மனைவியின் பெயர். "காளான் சாப்பிட வேண்டாம்." மேலே, பெரிய எழுத்தில், போன வருடம், அக்டோபர், 21.

வெகுநேரம் படித்தார். இருக்கிற நாலு வார்த்தையை அவ்வளவு நேரம் படித்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா."

"இந்தத் தேதியிலயா?"

"ஆமா. செய்தில சொன்னாங்க. கூப்பிடலாம்னு…"

"கூப்பிடல."

"கூப்பிடல" என்றேன்.

தெட்சுஜி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹனவா கையைத் தூக்கி நிறுத்தினார். சத்தம் போடவில்லை. வழி கேட்கிற பயணிக்குப் பதில் சொல்கிற குரலில்தான் பேசினார்.

"எங்க பொண்ணு நீகாட்டா பக்கம் நாகாவோகாவுல இருக்கா. நிலம் ஆடின மறுநாள், இருபத்திநாலாம் தேதி, நான் அங்க போயிட்டேன். வீடு இடிஞ்சு போயி பிள்ளைங்கள வெச்சிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல கிடந்தா. மினேகோ வீட்ல தனியா இருந்தா. டிவி போட மாட்டேன், பார்த்தா பயமா இருக்குன்னா. தினம் சாயங்காலம் ஃபோன் பண்ணுவேன். என்ன சாப்பிட்டேன்னு கேப்பேன். 'இகுயோ அக்கா காளான்'னு சொல்லுவா. 'ஜெயிலர்தான் ஊர்ல இல்லையே, இன்னிக்கு ரெண்டு பொட்டலம் போட்டேன்'னு சிரிப்பா. ஊசி போடற இடத்துலயும் அப்ப யாரும் அவகிட்ட எதுவும் கேக்கல." அவர் தாளை நான்காக மடித்தார். "இருபத்தேழாம் தேதி வரைக்கும் சாப்பிட்டா. இருபத்தெட்டு காலையிலதான் கை நடுங்கிச்சு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டிருந்தாக்கூட, வீட்ல ஃபோன் எடுத்திருப்போம்" என்றார். "நாங்க ரெண்டு பேரும் வீட்லதான் இருந்தோம் இருபத்தொண்ணாம் தேதி."

மடித்த தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பையை எடுத்துக்கொண்டார். பதினெட்டு வருடமாகக் கிளம்பும்போது எங்கள் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. அன்று சொல்லவில்லை. குடையை விரித்து, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நிறுத்தத்தில் போய் நின்றார்.

நான் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு வந்து குனிந்து நின்றேன். விருந்தாளி கண்ணிலிருந்து மறையும் வரை குனிந்து நிற்பது எங்கள் வழக்கம். ஆனால் அன்று விடுமுறை நாள், அடுத்த பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நிறுத்தத்தில் கொட்டகை இல்லை. எங்கள் விடுதிக் கூரையைத் தவிர ஒதுங்க அங்கே வேறு இடமே இல்லை.

தெட்சுஜி பின்னாலிருந்து, "உள்ள வா, போதும்" என்றார். நான் அசையவில்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முதுகு தெறித்தது. நடுவில் ஒரு தடவை மட்டும் கண்ணைத் தூக்கிப் பார்த்தேன். பத்தடி அகலச் சாலைக்கு அந்தப் பக்கம், மலையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

பேருந்து வரும் வரை நாற்பது நிமிடமும் நான் குனிந்தே நின்றேன். அவர் ஒரு தடவையும் திரும்பவில்லை.